அப்பாலச்சியன் ஸ்கீ மவுன்டன்: முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் சார்லட் நகரில் குடியேறி ஐந்தாவது குளிர்காலத்தில்தான் நாங்கள் முதன்முதலாக ஸ்கீ, அதாவது பனியில் சறுக்கும் நீளப் பலகைகளை, காலில் மாட்டினோம். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது, வட கரோலினாவில் ப்ளோயிங் ராக் ஊரை ஒட்டியிருக்கும் அப்பாலச்சியன் ஸ்கீ மவுன்டனுக்குப் போய்விடுகிறோம். டிசம்பர் பிறந்தால் போதும், நண்பர்கள் ஒவ்வொருவராக அதே கேள்விகளோடு வருவார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பயிற்சியாளன் இல்லை. நிறைய விழுந்தவன், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் தெற்கில் ஸ்கீயா? அங்கே பனி ஏது?

நியாயமான சந்தேகம். இந்த மலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 4,000 அடி. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் வித்தியாசம் வெறும் 365 அடி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அடிவாரம் ஏலகிரி உயரம்தான். ஊட்டி இதைப்போல இரண்டு பங்கு உயரம், ஆனாலும் அங்கே ஜனவரியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படிவதோடு சரி. வித்தியாசம் உயரத்தில் இல்லை, அட்சரேகையில் இருக்கிறது. ஊட்டி 11 டிகிரி வடக்கில், ப்ளோயிங் ராக் 36 டிகிரியில். குளிர்காலத்தில் கனடாப் பக்கமிருந்து இறங்கும் குளிர்காற்று இந்த மலைத்தொடர் வரை தாராளமாக வந்து சேரும். வந்தால் தங்காது என்பதுதான் தெற்கின் குணம். நான்கு நாள் எலும்பைக் குடையும் குளிர், பிறகு இரண்டு நாள் ஸ்வெட்டரே தேவைப்படாத வெயில், நடுவில் ஒரு மழை.

இந்தக் குணத்தோடு மல்லுக்கட்டித்தான் தெற்கில் ஸ்கீயிங் வளர்ந்தது. வர்ஜீனியாவில் ஹோம்ஸ்டெட் என்ற பழைய விடுதி 1959-இல் ஒரு சரிவைத் திறந்தது. அதை நடத்திய ஆஸ்திரியக்காரர் செப் கோபர், இன்றும் 'தென்பகுதி ஸ்கீயிங்கின் தந்தை' என்றே பேசப்படுகிறார். 1961-இல் வட கரோலினாவின் முதல் ஸ்கீ தலமாக மேகி வேலியில் கட்டலூச்சி வந்தது. அடுத்த ஆண்டு, 1962-இல், இந்த மலை ப்ளோயிங் ராக் ஸ்கீ லாட்ஜ் என்ற பெயரில் திறந்தது. முதல் முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1968-இல் கிரேடி மோரெட்ஸும் கூட்டாளிகளும் வாங்கி இப்போதைய பெயரை வைத்தார்கள்.

அப்படியானால் அது செயற்கைப் பனியா? நிஜப் பனி இல்லையா?

பெரும்பாலும் இயந்திரம் தூவிய பனிதான். ஆனால் 'செயற்கை' என்றதும் தெர்மாகோல் மாதிரி எதையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர்தான், உறைந்த தண்ணீர்தான். வானத்துக்குப் பதிலாகக் குழாயிலிருந்து வருகிறது.

முதல் தடவை போனபோது என் அப்பாவும் கூட வந்திருந்தார். சரிவோரம் வரிசையாக நின்ற இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்டு, "என்னடா, போர் போடுறாங்களா?" என்றார். ஸ்னோ கன் என்று அதற்குப் பெயர். குளத்தில் சேர்த்த தண்ணீரை அழுத்தத்தோடு மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடித்து, காற்றோடு கலந்து மேலே வீசும். துளி தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிட வேண்டும். அழுத்தப்பட்ட காற்று விரியும்போது குளிர்வதால் முதலில் சில பனிக்கருக்கள் உருவாகும். மற்ற துளிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு உறையும். 1950-இல் கனெக்டிகட்டில் மூன்று பொறியாளர்கள் பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியின் மாதிரியில் ஆரம்பித்த வித்தை இது.

இதில் சுவாரசியம், குளிர் மட்டும் போதாது என்பது. காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். மண்பானைத் தண்ணீர் ஏன் சென்னை ஆகஸ்டைவிட மதுரை ஏப்ரலில் நன்றாகக் குளிர்கிறது? காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் அதிகம், ஆவியானால் வெப்பம் இழுபடும். அதே கணக்குதான் இங்கேயும். அதனால் இந்த மலைக்காரர்கள் சாதாரண வெப்பமானியை மட்டும் பார்ப்பதில்லை, ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். அது சுமார் 28 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 2 செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கன்கள் உறுமும். குளிர் இருக்கும் அந்த மூன்று நான்கு இரவுகளில் விடிய விடியத் தூவி, அடுத்து வரும் வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து மெத்தை போட்டுவிடுவார்கள்.

இயந்திரப் பனியின் துகள் உருண்டையாக, நெருக்கமாகப் படியும். வானத்துப் பனியைவிடக் கனம், ஆகவே சீக்கிரம் கரையாது. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் காய்ந்த பழுப்புப் புல்லாக இருக்க, திருப்பம் தாண்டியதும் ஒரு மலைமுகம் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போவார்கள்.

எப்போது போகலாம்?

நவம்பர் இரண்டாம் பாதியில் திறந்து மார்ச் கடைசிவாக்கில் மூடுவார்கள், அந்த ஆண்டின் குளிரைப் பொறுத்து. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் வார இறுதி, பிப்ரவரியில் அதிபர்கள் தின வார இறுதி, இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட நாற்காலியான லிஃப்ட்டுக்கு வரிசை திருப்பதி தர்ம தரிசனம் மாதிரி.

எனக்குப் பிடித்தது மார்ச் முதல் வாரம், செவ்வாய் அல்லது புதன். காலையில் பனி கல் மாதிரி கெட்டியாக இருக்கும். பத்தரை மணிக்கு இளகும். மதியம் குழைந்த சாதமாகிவிடும். இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஈடே கிடையாது. விழுந்தாலும் வலிக்காது என்பது கூடுதல் வசதி.

சார்லட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

தூரம் இரண்டு மணி நேரம், ராலியிலிருந்து என்றால் மூன்று மணி நேரம். நம் ஆட்கள் "ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள், ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும்" என்று கணக்குப் போடுவார்கள். போய்ச் சேர்ந்து, வாகனம் நிறுத்தி, படிவம் நிரப்பி, பூட்ஸ் வாங்கி, குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், மறுபடி பூட்ஸ் மாட்டி சரிவில் கால் வைக்கும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். ஐந்தரைக்குக் கிளம்புங்கள். அல்லது முந்தின இரவே பூனில் தங்கிவிடுங்கள். அது பல்கலைக்கழக ஊர், மலையிலிருந்து பத்து பதினைந்து நிமிடத் தூரம்.

ஹிக்கரி, லெனோர் வழியாக 321-ஆம் எண் சாலை. லெனோரில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ப்ளோயிங் ராக் வரை ஒரே ஏற்றம். சாலையில் பனி கொட்டுவதைவிட எனக்குப் பயம் மூடுபனிதான். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாது. இன்னொன்று, வெயில் படாத வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஐஸ். தார் ஈரமாகப் பளபளத்து, வெளியே வெப்பநிலை 32 ஃபாரன்ஹீட், அதாவது பூஜ்ஜியம் செல்சியஸுக்குக் கீழே என்றால் அது ஈரமில்லை, ஐஸ் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

ஹெலீன் புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் போக முடிகிறதா?

2024 செப்டம்பர் 27 அன்று வந்த வெள்ளம் பூன், ப்ளோயிங் ராக் பகுதியைப் புரட்டிப் போட்டது உண்மை. இருந்தும் அந்தக் குளிர்காலத்திலேயே இங்கே ஸ்கீ மலைகள் திறந்தன. நாங்களும் போனோம். ஓடைக்கரைகளில் வேரோடு சாய்ந்த மரங்கள் அப்படியே கிடந்தன. ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலையழகுச் சாலையில் பல பகுதிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன, அதை நம்பி வழி போடாதீர்கள். கிளம்பும் முன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

என்ன உடுத்த வேண்டும்? ஜீன்ஸ் போதுமா?

ஜீன்ஸ் கூடவே கூடாது. முதல் நாளில் நீங்கள் நிற்பதைவிட உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். பனியில் உட்கார்ந்த ஜீன்ஸ் பத்தாவது நிமிடம் ஈரமாகும், அரை மணியில் விறைத்துப் பலகையாகும். உள்ளே பருத்தியில்லாத தெர்மல், மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கு மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். பேன்ட்டை வாடகைக்குக்கூட எடுக்கலாம். கையுறை தண்ணீர் புகாததாக இருக்கட்டும். கம்பளிக் கையுறையும் ஜீன்ஸும் ஒரே ஜாதி. கண்ணுக்கு காகிள்ஸ் அவசியம், முக்கியமாக கன்கள் ஓடும் நாளில். அந்தத் தூவல் முகத்தில் மணல் மாதிரி அடிக்கும்.

சென்னையிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாய் ஹெல்மெட்டுக்குள் நுழையாது. முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

பூட்ஸ் காலைக் கொல்கிறது என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முதல் நாள் கெட்டுப்போகிறது என்றால் பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி பூட்ஸ்தான்.

ஸ்கீ பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக். அளவு பாதத்தின் நீளத்தில், சென்டிமீட்டரில் இருக்கும். நாம் செருப்புக்கடைப் பழக்கத்தில் 'ஒரு சைஸ் கூடவே குடுங்க' என்போம். அங்கேதான் தப்பு ஆரம்பம். தளர்ந்த பூட்ஸுக்குள் பாதம் நகரும், நீங்கள் திரும்ப நினைத்தால் கால் திரும்பும், ஸ்கீ திரும்பாது. சரியான அளவென்றால், நேராக நிற்கும்போது கட்டைவிரல் முன்சுவரை லேசாகத் தொடும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் விலகும், குதிகால் பின்னால் பதியும். முன்னங்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் மெத்தென்று அழுந்த வேண்டும்.

எங்கள் மகனுக்கு அப்போது ஏழு வயது. முதல் அரை மணியிலேயே "கால் வலிக்குதுப்பா" என்று அழ ஆரம்பித்துவிட்டான். பயத்தில் சாக்குச் சொல்கிறான் என்றே நினைத்து இரண்டு அதட்டல் போட்டேன். என் மனைவி அவனை அடிவாரத்து ஓய்வுக் கட்டடமான லாட்ஜின் பெஞ்சில் உட்காரவைத்துக் கொக்கிகளைக் கழற்றிப் பார்த்தாள். இரண்டு ஜோடி சாக்ஸ். அதற்கு மேல் தெர்மல் பேன்ட்டின் ஓரம் சுருண்டு பூட்ஸுக்குள் மாட்டியிருந்தது. அந்த மடிப்பு, எலும்பின் மேல் சிவப்பாகக் கயிறு கட்டிய தடம் மாதிரி பதிந்திருந்தது. குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டுவிட்டது நான்தான். ஒரு சாக்ஸைக் கழற்றி, பேன்ட்டை வெளியே இழுத்து, கீழ்க் கொக்கிகளைத் தளர்த்தி மேல்கொக்கியை மட்டும் இறுக்கினாள். ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டான். ஒரு கால், ஒரு சாக்ஸ், பூட்ஸுக்குள் வேறெதுவும் இல்லை. இதுதான் சட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு ஊரில் ஒரு வாடகைக் கடையில் முந்தின நாளே எடுத்தோம். எனக்கு வந்த ஜோடியில் இடது கால் ஒரு அளவு, வலது கால் ஒரு அளவு. மலைக்குப் போய் மாட்டும்போதுதான் தெரிந்தது. கடையிலேயே இரண்டையும் மாட்டி நடந்து பாருங்கள். நடக்கும்போது குதிகாலை முதலில் ஊன்றுங்கள். படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

வாடகைப் படிவத்தில் எடை, வயதெல்லாம் ஏன் கேட்கிறார்கள்?

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், நீங்கள் விழும்போது தானே கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், அனுபவம் இவற்றை வைத்துக் கணக்கிட்டுத் திருகுவார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் கழலக் கூடாத நேரத்தில் கழலும். புதிதாக வந்தவர் கெத்துக்கு 'நல்லா ஓட்டுவேன்' என்று டிக் அடித்தால் விழும்போது கழலாது, முழங்கால் திருகும். வரிசையில் பின்னால் சகலை நிற்கிறார் என்பதற்காக எடையில் பொய் வேண்டாம்.

வகுப்பு எடுக்க வேண்டுமா? யூடியூப் போதாதா?

எடுங்கள். நண்பன் கற்றுத்தருகிறேன் என்றால் இன்னும் அவசியமாக எடுங்கள். கணவன் மனைவிக்குக் கற்றுக்கொடுக்கவே கூடாது, சரிவில் தினமும் நான்கு சண்டையாவது காதில் விழும்.

இந்த மலையின் உண்மையான சொத்து அதன் பள்ளிதான் என்பது என் எண்ணம். ஃப்ரெஞ்ச்-ஸ்விஸ் ஸ்கீ காலேஜ் என்று பெயர். பிரெஞ்சும் இல்லை, சுவிஸும் இல்லை, 1969-இல் ஜிம் காட்ரெல், ஜாக் லெஸ்டர் என்ற இருவர் ஆரம்பித்தது. அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படை வீரர்களுக்கு இங்கே ஸ்கீ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் குளிர்கால விளையாட்டுகளையும் பல ஆண்டுகளாக நடத்திவருகிறார்கள். படைவீரனுக்கும் பயந்த குழந்தைக்கும் ஒரே சரிவில் சொல்லிக்கொடுத்த கை.

முதல் வகுப்பில் முக்கால்வாசி நேரம் நிற்கக் கற்றுக்கொடுப்பார்கள். ஸ்கீ முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும், அதற்குப் பெயர் 'பீட்சா'. இரண்டையும் இணையாக வைத்தால் ஓடும், அது 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்'. சரிவெங்கும் "பீட்சா! பீட்சா!" என்று பெற்றோர் கத்திக்கொண்டிருப்பார்கள். என் அப்பா வெகுநேரம் அதைச் சாப்பாட்டு ஆர்டர் என்றே நினைத்திருந்தார்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

ஸ்கீ காலுக்கு ஒரு பலகை, ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில். ஒரே நாள்தான் போகிறீர்கள் என்றால் ஸ்கீ. ஸ்னோபோர்டில் முதல் நாள் முழுவதும் உட்காருமிடமும் மணிக்கட்டும்தான் பேசும். கல்லூரி வயதுப் பிள்ளைகள் சொன்னால் கேட்க மாட்டார்கள், விடுங்கள்.

சேர்லிஃப்ட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

எல்லாருக்கும் அப்படித்தான். ஆரம்பத்தில் லிஃப்ட்டே வேண்டாம். கற்கும் பகுதியில் விமான நிலையப் பட்டை மாதிரி நகரும் கன்வேயர் இருக்கிறது, அதில் நின்றால் போதும். வளைந்து திரும்பவும் நினைத்த இடத்தில் நிற்கவும் வந்த பிறகு லிஃப்ட்.

லிஃப்ட்டில் ஏறுமிடத்துக் கோட்டருகே போய் நில்லுங்கள். ஊன்றிக்கொள்ளும் தடிகள் இரண்டையும் ஒரே கையில் பிடியுங்கள். தோளுக்குப் பின்னால் பாருங்கள், நாற்காலி முழங்கால் மடிப்பைத் தொட்டதும் உட்காருங்கள். இறங்கும்போது ஸ்கீ முனையை உயர்த்தி, தரை வந்ததும் எழுந்து நேராகச் சறுக்கி விலகுங்கள். இறங்கிய இடத்திலேயே நின்று செல்ஃபி எடுத்தால் அடுத்த நாற்காலி உங்கள் மேல். ஏறுமுன் லிஃப்ட் ஆளிடம் முதல்முறை என்று சொன்னால் வேகத்தைக் குறைப்பார். சொல்ல வெட்கப்பட்டு ஒரு பெரிய குடும்பமே குவியலாக விழுந்து மொத்த லிஃப்ட்டும் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பம் எங்களுடையது.

பச்சை, நீலம், கறுப்பு என்று பலகை வைத்திருக்கிறார்களே?

பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆனால் இது அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டது. இங்கே கறுப்பில் இறங்கியவர் கொலராடோவில் கறுப்பில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை.

சரிவுகளின் பெயர்கள் வேடிக்கையானவை. அப்பாலச்சியன் என்பதன் முன்பாதியை ஆப்பிளோடு சேர்த்துச் சிலேடை செய்திருக்கிறார்கள்: பிக் அப்பால், கேண்டீட் அப்பால், ஆர்ச்சர்டு ரன், ஸ்ட்ரூடல். தமிழ்க் காதில் சிலேடை வேறு மாதிரி விழும். பிக் அப்பாலைத் தாண்டி லாட்ஜுக்கு அப்பால் நில்லுங்கள் என்று ஒருமுறை சொல்லி, மொத்தக் கூட்டமும் இரண்டாகப் பிரிந்து ஒரு மணி நேரம் தேடினோம்.

குழந்தைகளை எந்த வயதில் கூட்டிப் போகலாம்?

குழு வகுப்பில் பொதுவாக 4 வயதிலிருந்து சேர்ப்பார்கள். என் அனுபவத்தில் 6, 7 வயதுதான் பதம். சொன்னதைக் கேட்கும், பயமும் இருக்காது, ஈர்ப்பு மையமும் கீழே. நீங்கள் இரண்டாம் நாளில் கற்பதை அது மதியத்துக்குள் கற்றுவிடும். காலையில் வகுப்பு, மதியம் ஹாட் சாக்லேட், பிறகு தானாகக் கேட்டால் மட்டும் இன்னொரு ஓட்டம். காசு கொடுத்தாயிற்றே என்று மூன்று மணிக்கு மேல் இழுத்துப் போனால் அழுகையும் அடியும்தான் மிச்சம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

சின்ன மலையின் பெரிய வசதி இதுதான். லாட்ஜின் கண்ணாடிச் சன்னல் பக்கமோ வெளியே மரத்தளத்திலோ உட்கார்ந்தால் பெரும்பாலான சரிவுகள் கண்ணெதிரே விரியும். பெரிய மலைகளில் காலையில் பிரிந்தால் மாலையில்தான் முகத்தைப் பார்க்க முடியும். இங்கே பேரன் விழுவது, எழுவது எல்லாம் பாட்டி கண் முன்னாலேயே நடக்கும்.

அப்பா அன்றைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் பழைய ஜாக்கெட், கழுத்தில் மஃப்ளரோடு நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சலித்துப் போயிருப்பார் என்று நினைத்து, "கிளம்பலாமாப்பா?" என்று கேட்டேன். "இருடா. பதினோரு தடவை விழுந்திருக்கான். இந்தத் தடவை அந்தக் கம்பம் வரைக்கும் வந்துட்டான் பாரு" என்றார். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். தஞ்சாவூரில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியவர்.

லாட்ஜை ஒட்டி ஐஸ் ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது, ஆனால் பெரியவர்களுக்கு அது வேண்டாம். குழாய் மெத்தையில் உட்கார்ந்து சறுக்கும் ட்யூபிங் இந்த மலையில் கிடையாது. அதற்குப் பக்கத்திலேயே வேறு இடங்கள் உள்ளன. அறுபது தாண்டியவர்கள் என்றால் அதிலும் முதுகுக்கு ஒரு யோசனை வேண்டும். ஒருவேளை அவர்களே ஸ்கீ மாட்ட ஆசைப்பட்டால், அவர்களின் பயணக் காப்பீடு இந்த மாதிரி விளையாட்டுகளை ஒதுக்கியிருக்கிறதா என்று முதலில் படியுங்கள். பல திட்டங்கள் ஒதுக்கியிருக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஃப்ரைஸ், சீஸ் பீட்சா, கிரில்டு சீஸ். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போவோம். வெளிச் சாப்பாட்டை உள்ளே வைத்துச் சாப்பிடலாமா என்பது மலைக்கு மலை வேறுபடும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்து வண்டி நிறுத்துமிடத்திலேயே முடித்துவிடுவோம். பிளாஸ்கில் ரசம். மைனஸ் மூன்று டிகிரியில், விரல் மரத்த கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் மிளகு ரசம் வேறு பானம்.

தாகமே தெரியாது, ஆனால் தண்ணீர் குடியுங்கள். ஸ்கீ வேலை வாங்கும்.

12 சரிவு, 27 ஏக்கர். போரடிக்காதா?

ஓட்டத் தெரிந்தவருக்கு அரை நாளில் மலை முடிந்துவிடும், பொய் சொல்ல மாட்டேன். உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ஒன்றரை நிமிடம். ஆனால் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புதியவர்கள். அவர்களுக்குத் தேவை நீளம் அல்ல, திரும்பத் திரும்ப. அதே சரிவில் ஒரு நாளில் பதினைந்து தடவை இறங்கினால் பன்னிரண்டாவது தடவை உடம்பு தானாகத் திரும்பும். யூட்டாவில் பெரிய மலைக்கு விமானமேறிப் போன என் நண்பர் ஒருவர் மூன்று நாளும் கற்கும் பகுதியிலேயே இருந்துவிட்டு வந்தார். அதே சரிவு இங்கே இரண்டு மணி நேர டிரைவில் இருக்கிறது.

செலவு?

தலைக்கு நான்கு கணக்கு: டிக்கெட், ஸ்கீ-பூட்ஸ் வாடகை, ஹெல்மெட், வகுப்பு. பனி உடுப்பையும் வாடகைக்கு எடுத்தால் ஐந்து. வார நாளில் குறைவு, வார இறுதியில் அதிகம், விடுமுறையில் உச்சம். முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், கூட்ட நாட்களில் வாசலில் போய் நின்றால் டிக்கெட்டே கிடைக்காமல் போகலாம். ஜாக்கெட், பேன்ட்டை மார்ச், ஏப்ரல் தள்ளுபடியில் வாங்குங்கள், குழந்தைக்கு ஒரு அளவு பெரிதாக. பூட்ஸுக்கு மட்டும் இந்த விதி ஆகாது.

இரவிலும் ஸ்கீ உண்டாமே?

உண்டு, எல்லாச் சரிவுகளிலும் விளக்கு. சில வெள்ளி, சனிகளில் நள்ளிரவு வரைகூட. கூட்டம் குறைவு. ஆனால் பகலில் இளகிய பனி இரவில் இறுகிவிடும், ஸ்கீயின் ஓரம் 'கர்ர்' என்று பிராண்டும் சத்தம் வயிற்றைக் கலக்கும். முதல் நாளே இரவு வேண்டாம்.

மழை பெய்தால்?

இடியில்லை என்றால் ஓடும். கூட்டமே இருக்காது, பனி வழுவழுவென்று இருக்கும். நனையத் தயார் என்றால் போகலாம். நாங்கள் ஒருமுறை குப்பைப் பையில் தலைக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு ஓட்டினோம்.

யாராவது வந்து மோதிவிட்டால்? அடிபட்டால்?

சரிவில் முன்னால், அதாவது கீழே இருப்பவருக்குத்தான் வழியுரிமை. மேலேயிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். அதனால் பின்னால் பார்த்துப் பயப்படாதீர்கள், முன்னால் பாருங்கள். நிற்க வேண்டுமென்றால் ஓரமாக நில்லுங்கள், மேட்டுக்கு மறைவில் நிற்காதீர்கள்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் தடியோடு சேர்ந்து கட்டைவிரல் பிசகும். அடி பலமென்றால் எழ முயலாதீர்கள். சிலுவைக் குறி போட்ட ஜாக்கெட்டில் ஸ்கீ பேட்ரோல் ஆட்கள் சறுக்குக் கட்டிலோடு வருவார்கள். உங்களுக்கு மேலே ஸ்கீ இரண்டையும் குறுக்காக நட்டுவைக்கச் சொல்லுங்கள், அதுதான் இங்கே ஆபத்துக்குறி.

இங்கே பழகியாயிற்று. அடுத்து எங்கே?

அரை மணி, முக்கால் மணி தள்ளி இரண்டு மலைகள். 1969-இல் திறந்த சுகர் மவுன்டனில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை 1,200 அடி இறக்கம், இங்கிருப்பதுபோல மூன்று மடங்குக்கு மேல். பீச் மவுன்டன் உச்சி 5,506 அடி, நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம். குளிர் அதிகம், பனியும் கூடத் தங்கும். முதலில் பீச், கால் உறுதியானதும் சுகர் என்பது என் வரிசை. என் மகன் நேரே சுகருக்குப் போகலாம் என்கிறான். அவனுக்கு இப்போது பதின்மூன்று.

எல்லாரும் மறந்துபோகும் பொருள் எது?

வீடு திரும்பும்போது போட்டுக்கொள்ள ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ். காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.